சுழிப்பிழை

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

முதலாம் ஆண்டில் தமிழ்ப் பேராசிரியர் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தார். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, காட்டுப் பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று அவர் சொல்லி நிறுத்தியபோது வகுப்பே வாய் பிளந்து இருந்தது. நான் பின் வரிசையிலிருந்து எழுந்து, "ஐயா, அதற்கு முன்னால் அந்த வில்லைப் பழக எத்தனை அம்பு வீணாகியிருக்கும்?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். "அதையெல்லாம் புலவர் பாடமாட்டார் தம்பி, உட்கார்" என்றார்.

குறும்புக்காகக் கேட்ட கேள்விதான். ஆனால் சென்ற கோடை விடுமுறையில், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒரு துப்பாக்கிச் சுடும் திடலில் நடந்த ஒரு காரியத்துக்குப் பிறகு, அந்தக் கேள்வி திரும்பி வந்து என்னையே கேட்கத் தொடங்கிவிட்டது. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நாம் சுடுகிறவனைச் சோதிக்கிறோம்; கருவியைச் சோதிப்பதில்லை. குண்டு விலகினால் கை சரியில்லை என்று எழுதிவிடுகிறோம். இப்படி எழுதி, நல்ல கை ஒன்றை நாங்கள் இழந்தோம். அதில் என் பங்கு என்ன என்பதையும் இதே கட்டுரையில் சொல்லிவிடுகிறேன்.

துப்பாக்கி என்றதும் முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு என்பதை அறிவேன். அவர்கள் சுளிப்பிலும் நியாயம் இருக்கிறது. கொடைக்கானல் மலைகளில் துப்பாக்கியின் வரலாறு வேட்டையின் வரலாறாகவே தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளை அலைந்து திரிந்து, கோட்டோவியங்களாக வரைந்து வைத்த டக்ளஸ் ஹாமில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி வரையாட்டையும் காட்டு மாட்டையும் சுட்டவரும்கூட. பேரிஜம் ஏரிப் பக்கத்தில் அவர் பெயரால் ஓர் இடம் இன்றும் வழங்குகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் காலம் முடிந்தது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. இன்று அந்த மலையில் விலங்கை நோக்கித் துப்பாக்கி நீள்வதாயின் அது மயக்க ஊசி செலுத்தும் கால்நடை மருத்துவரின் துப்பாக்கியாகத்தான் இருக்கவேண்டும். அங்கும் குறி ஒரு சாண் விலகினால் ஊசி தசையில் ஏறாமல் விலாவில் ஏறும். ஆகவே வேட்டையை வெறுப்பவர்களும் நான் சொல்லப்போவதைக் கேட்கலாம்.

நிற்க. நாங்கள் பன்னிரண்டு பேர் பதினைந்து நாள் பயிற்சிக்குப் போயிருந்தோம். திடலின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு பக்கம் புளியமரங்கள், எதிரே மண் மேடு, அதற்குப் பின்னால் நீலமாய் மலை. .22 துப்பாக்கிகள் இரண்டு இருந்தன. இரண்டிலும் தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், பொருத்தியிருந்தார்கள். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு இடமில்லை. அங்கே துளை வழியே பார்ப்பதுதான் முறை. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்கோப் ஒரு தொல்லையைக் குறைக்கிறது. பின்காட்சி, முன்காட்சி, இலக்கு என்று மூன்றை ஒரே கோட்டில் நிறுத்துவதற்குப் பதிலாக, குறுக்கிழையை இலக்கில் வைத்தால் போதும். மிச்சக் கவனத்தை மூச்சிலும் விரலிலும் செலுத்தலாம்.

அந்தக் குறுக்கிழைக்கு ஒரு கதை உண்டு. 1640 வாக்கில் வில்லியம் காஸ்காயின் என்ற ஆங்கிலேய இளைஞர் தம் வானியல் தொலைநோக்கிக்குள் சிலந்தி ஒன்று நூல் இழுத்திருப்பதைக் கண்டாராம். நூலும் தூரத்துப் பொருளும் ஒருசேரத் தெளிவாகத் தெரிந்தனவாம். குறி பார்க்கும் தொலைநோக்கி அங்கிருந்துதான் பிறந்தது. பின்னாளில் கருவி செய்வோர் சிலந்தி நூலையே எடுத்துக் கட்டினார்கள். காஸ்காயின் 1644இல் உள்நாட்டுப் போரில் மாண்டார். வானத்தைப் பார்க்கச் செய்த இழை துப்பாக்கிக்குப் போய்ச் சேர்ந்ததை எண்ணினால் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சுபேதார். முதல் மூன்று நாள் அவர் எங்களைச் சுடவே விடவில்லை. ஸ்கோப்பைக் கழற்றச் சொன்னார், மாட்டச் சொன்னார், மறுபடி கழற்றச் சொன்னார். வளையங்களின் திருகுகளை ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றொன்றுக்குப் போகக்கூடாது. சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி இறுக்குவதுபோல மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும் என்றார். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரத்தைப் படுத்த நிலையிலேயே பார்த்து, கறுப்பு வளையம் ஓரத்தில் நிழலாடாத இடத்தில் ஸ்கோப்பை நிறுத்தவேண்டும் என்றார். பெரிய துப்பாக்கியில் இதைத் தவறவிட்டால் உதைப்பில் புருவம் கிழியும். .22இல் உதைப்பு இல்லை. ஆனால் கெட்ட பழக்கம் இங்கேதான் பிறக்கிறது என்பது அவர் கட்சி.

பிறகு ஒரு நூலில் கல்லைக் கட்டி எதிர் மேட்டில் தொங்கவிட்டார். துப்பாக்கி சாயாமல் மணல் மூட்டையில் இருக்க, ஸ்கோப்பின் நின்ற இழை அந்தத் தூக்கு நூலோடு ஒட்டி நிற்கும் வரை குழலை மெல்லத் திருப்பவேண்டும். இழை சாய்ந்திருந்தால் மேலே ஏற்றுவதற்காகத் திருகும்போது குண்டு பக்கவாட்டிலும் நகரும். கொத்தனாரின் தூக்குக் குண்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே வேலைதான்.

இதற்குப் பின் வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழலின் பின்புறத்திலிருந்து குழல் வழியாகவே இலக்கைப் பார்க்கவேண்டும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் கறுப்பு வட்டம், வட்டமான குழல் வாயின் நடுவில் ஒரு மிளகுபோல நிற்கும். துப்பாக்கியை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்கோப்பின் இரண்டு திருகுகளையும் திருகிக் குறுக்கிழையை அதே வட்டத்துக்குக் கொண்டுவரவேண்டும். குழலும் கண்ணாடியும் முதன்முதலாக ஒரே பொருளைப் பார்க்கின்றன. ஒரு குண்டுகூடச் செலவில்லை. இது தோராயம்தான், ஆனால் குண்டு தாளிலாவது விழும்.

இனிமேல்தான் சுடுதல். இருபத்தைந்து மீட்டரில் தொடங்கி ஐம்பதுக்குப் போகவேண்டும். ஐந்து குண்டு ஒரு குரூப். ஐந்தையும் ஒரே இடத்தைக் குறிபார்த்துச் சுடவேண்டும். குண்டு எங்கே விழுந்தாலும் சரி, ஐந்தும் முடியும் வரை திருகைத் தொடக்கூடாது. முடிந்தபின் தாளை எடுத்து வந்து, ஐந்து துளைகளுக்கும் நடுப்புள்ளி எது என்று கண்டு, அது வட்டத்தின் மையத்திலிருந்து எவ்வளவு கீழே, எவ்வளவு இடப்புறம் என்று அளந்து, அதற்குத் தக்கபடி திருகவேண்டும். பிறகு மறுபடி ஐந்து குண்டு. இதைத்தான் 'ஜீரோ பண்ணுவது' என்கிறார்கள்.

அளவுக் கணக்கு எளிது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைக் கலை என்கிறோம். ஒரு கலைக் கோணம் நூறு மீட்டரில் 2.9 சென்டிமீட்டர், ஐம்பது மீட்டரில் அதில் பாதி. எங்கள் ஸ்கோப்பின் திருகு ஒவ்வொரு 'கிளிக்' ஓசைக்கும் கால் கலை நகரும். ஆகவே ஐம்பது மீட்டரில் ஒரு கிளிக் என்பது 3.6 மில்லிமீட்டர். போட்டித் தாளில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் என்பதை நினைவில் கொண்டால், மூன்று கிளிக் தவறு எவ்வளவு பெரிய தவறு என்பது விளங்கும்.

இதைக் கேட்கும் இயற்பியல் மாணவர்கள் சிரிப்பார்கள். ஏனென்றால் இதைத்தான் முதலாண்டு ஆய்வகத்தில் முதல் நாளே படித்தோம். திருகு அளவியின் முகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும்போதே அளவு காட்டினால் அது சுழிப்பிழை. அதைக் குறித்துக்கொண்டு, பிறகு எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் திருத்தவேண்டும். அதைக் குறிக்காமல் கம்பியின் விட்டத்தை எழுதிக்கொண்டு போனால் நம் விரிவுரையாளர் பதிவேட்டை அங்கேயே மூடிவிடுவார். நிறமாலைமானியின் தொலைநோக்கியைச் சன்னல் வழியே தூரத்து மரத்துக்கு நேராகத் திருப்பி, தலையை ஆட்டிப் பார்த்து, மரமும் குறுக்குக் கம்பியும் ஒன்றைவிட்டு ஒன்று நகரவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் முப்பட்டகத்தைத் தொட விடுவார். ஸ்கோப்பிலும் அதே இடமாறு தோற்றப் பிழைதான், அதே தலையாட்டல்தான். இவ்வளவும் படித்த நான் திடலில் செய்தது என்ன?

எட்டாம் நாள் மாலை. இரண்டாம் எண் துப்பாக்கி என் கையில். ஐந்து குண்டு கொடுத்துவிட்டு சுபேதார் அடுத்தவரிடம் போய்விட்டார். முதல் குண்டு வலப்பக்கம் மேலே போயிற்று. பக்கத்து ஸ்டாண்டிலிருந்த பெரிய தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, திருகின் மூடியைக் கழற்றி, கீழேயும் இடப்புறமும் திருகினேன். இரண்டாவது கீழே போயிற்று. மேலே திருகினேன். மூன்றாவது எங்கோ. மறுபடி திருகினேன். எத்தனை கிளிக் என்று எண்ணவில்லை. சுபேதார் திரும்பி வந்து என் தோளுக்கு மேலே நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு திருகா? குண்டு சொல்ற பேச்சையெல்லாம் கேட்டா துப்பாக்கி உருப்படுமா?" என்றார்.

அதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தோம். திருகின் மூடி ஒன்று மணலில் எங்கோ விழுந்துவிட்டது. தேடினேன், கிடைக்கவில்லை. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தேர்வு. அடுத்த கட்டப் பயிற்சிக்கு ஆறு பேரை எடுக்கவேண்டும். சுபேதார் அன்று ஊருக்குப் போயிருந்தார். வேறொரு பொறுப்பாளர் வந்து சீட்டுப் போட்டார். ஆளுக்கு ஐந்து குண்டு. சோதனைக் குண்டு கிடையாது. ஐம்பதுக்கு எத்தனை என்பதே கணக்கு. எனக்கு முதல் எண் துப்பாக்கி வந்தது. வரலாற்றுத் துறையில் படிக்கும் தோழி ஒருவருக்கு இரண்டாம் எண் வந்தது. அதுவரை எங்கள் பன்னிரண்டு பேரில் மூச்சு அடங்கிச் சுடுகிறவர் அவர்தான் என்று சுபேதாரே இரண்டு முறை சொல்லியிருந்தார்.

நான் சுட்டேன்: ஒன்பது, ஏழு, நான்கு, எட்டு, மூன்று. மொத்தம் முப்பத்தொன்று. தாளில் ஐந்து துளைகளும் ஆளுக்கொரு திசையில், சந்தைக்குப் போன ஆடுகள் மாதிரி. அவர் சுட்டார்: மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று, ஒன்று. மொத்தம் பதினொன்று. என்னை எடுத்தார்கள். அவரை, "கை நடுங்குதும்மா, உனக்கு இது ஒத்துவராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் மறுநாளிலிருந்து வரவில்லை. தாள்களைக் குப்பைக் கூடையில் போட்டார்கள். நினைவுக்காக என் தாளை எடுத்துக்கொண்டேன். அடியில் அவர் தாளும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் பின்புறம் வெள்ளையாக இருந்ததால் கணக்குப் போடப் பயன்படும் என்று வைத்துக்கொண்டேன். உண்மை இவ்வளவே, வேறு நல்ல எண்ணம் எதுவும் அன்று எனக்கு இல்லை.

டிசம்பரில் எங்கள் துறையினர் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போனோம். பழனியிலிருந்து மலைப்பாதையில் வண்டி ஏறும்போது, திடலில் என்னோடு பயின்ற நண்பன் ஒருவன், "அடிவாரத்தில் ஜீரோ பண்ணின துப்பாக்கியை மேலே கொண்டுபோனால் குறி மாறுமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கொடைக்கானலின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். குண்டை எதிர்க்கும் காற்று குறைவு. ஆனால் ஐம்பது மீட்டருக்குள் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. முந்நூறு நானூறு மீட்டருக்குப் பெரிய துப்பாக்கியில் சுடுவோர்தான் அதை எண்ணிப் பார்க்கவேண்டும். வளைவுக்கு வளைவு வண்டி குலுங்குகிறதே, அதில் வளையத் திருகு தளர்வதுதான் பெரிய ஆபத்து. மலைச் சரிவில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சுட்டால் குண்டு குறிக்குச் சற்று மேலே போகும் என்பது வேறு செய்தி. புவியீர்ப்பு வேலை செய்வது கிடைத்தூரத்துக்குத் தக்கபடிதான். இதையெல்லாம் பேசிக்கொண்டே போனதில் மயக்கமும் வாந்தியும் இல்லாமல் மேலே சேர்ந்தோம்.

சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். 1899இல் சென்னையிலிருந்து இங்கே வந்து நிலைகொண்ட ஆய்வகம். கடல்மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரம். அங்கே கோபுரத்தின் மேலிருக்கும் கண்ணாடிகள் சூரியனைத் தொடர்ந்து பிடித்து, ஒளியைக் கீழே அனுப்புகின்றன. தரைக்கடியில் அறுபது மீட்டர் நீளச் சுரங்கம். முப்பத்தெட்டு சென்டிமீட்டர் அகல வில்லை ஒன்று சூரியனின் உருவத்தை முப்பத்து நான்கு சென்டிமீட்டர் விட்டத்தில், ஏறக்குறைய ஒரு தோசைக்கல் அகலத்துக்கு, விழச் செய்கிறது. மற்றவர்கள் கரும்புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ கணக்கு ஓடிற்று. வானத்தில் சூரியனின் அகலம் சுமார் முப்பத்திரண்டு கலை. அப்படியானால் அந்த உருவத்தில் ஒரு கலை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். திடலில் நான் எண்ணாமல் திருகித் தள்ளிய அதே கலை! அதைத்தான் இங்கே அறுபதாகப் பிரித்து, விகலை விகலையாகச் சூரியனைப் பார்க்கிறார்கள்.

எவர்ஷெட் என்பவரின் கண்டுபிடிப்பைப் பற்றியும் அங்கே சொன்னார்கள். 1909 சனவரியில் இந்த மலையில், சூரியக் கரும்புள்ளியின் நிறமாலையை அவர் படம் பிடித்தபோது, கோடுகள் சிறிது சாய்ந்திருக்கக் கண்டார். கரும்புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கி வாயு வினாடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில் ஓடுவதே காரணம். இரண்டு கிலோமீட்டர் வேகத்துக்கு அலைநீளம் மாறுவது ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய விலகல் வாயுவினுடையதா, கருவியினுடையதா என்று எப்படித் தெரியும்? கருவியின் கோளாறு என்றால் பிளவை எந்தப் பக்கம் திருப்பினாலும், கரும்புள்ளி எங்கிருந்தாலும், விலகல் ஒன்றுபோலவே இருக்கவேண்டும். இதுவோ சூரிய வட்டத்தின் ஓரப்பக்கம் உள்ள கரும்புள்ளிகளில் தெரிகிறது. நடுவில் உள்ளவற்றில் மறைகிறது. பிளவை ஆரத்தின் வழியே வைத்தால் கோடு சாய்கிறது. குறுக்கே வைத்தால் சாய்வதில்லை. ஆக, ஒரு படத்தை வைத்துக்கொண்டு சொல்லிவிடக்கூடிய செய்தி அல்ல அது.

ஆனால் என்னை உண்மையில் குத்தியது வேறொன்று. 1904ஆம் ஆண்டு முதல் வானம் தெளிந்த நாளிலெல்லாம் சூரியனைப் படம் எடுத்து, அந்தத் தகடுகளை இவர்கள் காத்து வைத்திருக்கிறார்கள். கரும்புள்ளி எத்தனை என்ற எண்ணிக்கையை மட்டும் ஏட்டில் எழுதிக்கொண்டு தகட்டை எறிந்திருக்கலாம். எறியவில்லை. எடுத்தவர்கள் மறைந்த பிறகும் அந்தத் தகடுகளைக் கணினியில் ஏற்றி, அன்று யாருக்கும் தோன்றாத கேள்விகளை இன்று கேட்கிறார்கள். எங்கள் திடலிலோ மதிப்பெண்ணை எழுதிக்கொண்டு தாளைக் கூடையில் போட்டோம்.

ஊர் திரும்பியதும் தோழியின் தாளை எடுத்தேன். பின்புறம் முழுக்க என் கணக்கு. முன்புறம் ஐந்து துளைகள். ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்தேன். ஐந்தும் அதற்குள் மறைந்துவிட்டன.

அளவுகோலை எடுத்து நடுப்புள்ளியை அளந்தேன். மையத்திலிருந்து ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர் கீழே. இருபத்தொன்பது மில்லிமீட்டர் இடப்புறம். பதினாறு கிளிக் மேலே, எட்டு கிளிக் வலப்புறம் திருகியிருந்தால் அந்த ஐந்து துளையும் நடுவில் வந்திருக்கும். நாற்பதைத் தாண்டியிருப்பார். கை நடுங்குகிறவர் ஐந்து குண்டை ஒரு நாணயத்துக்குள் அடைக்க முடியுமா? என் தாளையும் எடுத்தேன். இரண்டு கையையும் விரித்து வைத்தால்தான் என் துளைகள் மறையும். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருகினாலும் அவற்றை ஒன்றுசேர்க்க முடியாது. என்னிடம் இருந்தது கைப்பிழை. அவரிடம் இருந்தது சுழிப்பிழை. அந்தச் சுழிப்பிழையையும் முந்தின நாள் மாலை அந்தத் துப்பாக்கியில் வைத்துவிட்டுப் போனவன் நானே.

சுபேதார் அன்று சொன்னதைப் புள்ளியியலில் வேறு விதமாகச் சொல்கிறார்கள். டெமிங் என்ற அமெரிக்க அறிஞர் தம் வகுப்புகளில் ஒரு புனலை வைத்து இதை விளக்குவது வழக்கம். புனல் வழியாகக் கோலிக்குண்டை மேசையில் குறித்த புள்ளிக்கு நேராகப் போடவேண்டும். புனலை அசைக்காமல் விட்டால் குண்டுகள் புள்ளியைச் சுற்றி ஓரளவு சிதறும். ஒவ்வொரு குண்டும் விலகிய அளவுக்கு எதிர்ப்பக்கம் புனலை நகர்த்திக்கொண்டே வந்தால், சிதறல் குறையும் என்றுதானே நினைக்கிறோம்? சிதறலின் மாறுபாட்டு அளவை இரண்டு மடங்காகிறது. நல்லது செய்யவே நினைத்து நாம் கெடுக்கிறோம். வகுப்புத் தேர்வு ஒன்றில் மதிப்பெண் குறைந்த உடனே பிள்ளையை இன்னொரு டியூஷனுக்கு மாற்றுகிற பெற்றோரும், ஒரு மாதம் விற்பனை குறைந்ததும் கடைப் பலகையை மாற்றுகிற எங்கள் தெரு மளிகைக்காரரும் எனக்கு இப்போதெல்லாம் அந்தப் புனலையே நினைவூட்டுகிறார்கள்.

"பயிற்சித் திடலில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு? நல்ல கையாக இருந்தால் எந்தத் துப்பாக்கியிலும் சுடுவான்" என்று சொல்வோர் உண்டு. இது வீரப்பேச்சு, உண்மை அல்ல. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நாட்டின் முதல் தனிநபர் தங்கத்தை வென்றவர் அபினவ் பிந்த்ரா. பத்து மீட்டர் ஏர் ரைபிளில் பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளி அரை மில்லிமீட்டர். இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைக் குண்டு குறியைவிட்டு வெகுதூரம் போயிற்று என்றும், அந்தச் சில நிமிடங்களில் காட்சியைத் திருத்திக்கொண்டுதான் சுட்டேன் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய கைக்கும் சோதனைக் குண்டு வேண்டியிருந்தது. அதற்கு விதியும் இடம் கொடுத்தது. அந்த இடத்தை எங்கள் தோழிக்கு யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் முதல் ஐந்திலேயே பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி தரும் எந்தத் திடலாயினும், மதிப்பெண் போடும் முன் ஒரு குரூப் சுடவிட்டு அதை அளக்கவேண்டும் என்பதே என் கோரிக்கை. கூட்டிப் போட்ட எண்ணைவிடத் துளைகளின் நெருக்கமே சுடுகிறவரைப் பற்றிச் சொல்லும். நடுவிலிருந்து எவ்வளவு விலகல் என்பது துப்பாக்கியைப் பற்றிய செய்தி. அதைத் திருத்தச் சில கிளிக் போதும். தாள்களை, குறைந்தது அந்த ஆண்டு முடியும் வரையாவது, தேதியும் துப்பாக்கி எண்ணும் எழுதி வைத்திருக்கவேண்டும். குண்டு விலை அதிகம் என்பார்கள், அது மெய்தான். பன்னிரண்டு பேருக்கு ஐந்து சோதனைக் குண்டு என்றால் அறுபது குண்டு. அந்த அறுபதை மிச்சம் பிடித்து நாங்கள் எதை இழந்தோம் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

ஆய்வகத்தில் சுழிப்பிழை கேட்கும் நம் விரிவுரையாளர்களிடமும் ஒரு வார்த்தை, குறை சொல்வதாக எண்ணவேண்டாம். பதிவேட்டில் 'சுழிப்பிழை: இல்லை' என்று பார்க்காமலே எழுதுகிறவர்கள் எங்களில் பாதிப்பேர். நானும் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதிப் பழகிய கைதான் அன்று மூடி தொலைந்ததைச் சொல்லாமல் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தது.

சென்ற மாதம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வரலாற்றுத் துறை வராந்தாவுக்குப் போனேன். தோழி இருந்தார். தாளைக் கொடுத்து, நாணயத்தையும் மேலே வைத்துக் காட்டினேன். பதினாறு கிளிக், எட்டு கிளிக் கணக்கையும் சொன்னேன். முந்தின நாள் மாலை நான் செய்ததையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் நாணயத்தை எடுத்துவிட்டுத் துளைகளையே வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ எனக்குக் கை நடுங்கலையா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

"வீட்டுல அப்பாகிட்டகூட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். இங்க் பேனா பிடிக்கும்போதுகூட விரலைப் பார்த்துக்கிட்டே எழுதினேன், இத்தனை மாசமும்."

எனக்குப் பேச வாய் வரவில்லை. தாளை அவரே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். பின்புறம் இருக்கும் என் கணக்கைப் பார்த்து, "இதுல ஒண்ணு தப்பா இருக்குதே" என்று ஒரு கூட்டலைக் காட்டினார். தப்பாகத்தான் இருந்தது.

வரும் கோடையில் மறுபடி வருவீர்களா என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. மணி அடித்து வகுப்புக்குள் போகும்போது திரும்பி, "முதல்ல அஞ்சு குண்டு சோதனைக்குக் குடுப்பாங்களா?" என்றார். திடலின் பொறுப்பாளருக்கு அன்றிரவே கடிதம் எழுதினேன். மூடி தொலைந்த செய்தியை முதலில் எழுதி, அடுத்த வரியில் அவர் கேட்ட கேள்வியை அப்படியே எழுதியிருக்கிறேன். இக்கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுக்கும் இன்று வரை பதில் வரவில்லை.